டென்னிஸ் பந்தயத்துக்கு எந்தக் கணிப்புச் சந்தை? பயனுள்ள 20 குறிப்புகள்

ஒரு டென்னிஸ் போட்டியில் யார் வெல்வார் என்று பணம் கட்ட நினைப்பவருக்கு முன்பு புக்மேக்கர் கடை ஒன்றுதான் வழி. இன்று பிரிட்டனில் பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸ், அமெரிக்காவில் கால்ஷி, பாலிமார்க்கெட் என்று பல இடங்கள் வந்துவிட்டன. ஆட்டம் ஒன்றுதான். ஆனால் விலை, கட்டணம், ஆட்டம் பாதியில் நின்றால் என்ன தீர்ப்பு, பணம் எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பலரும் திரையில் பெரிதாகத் தெரியும் விலையை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சட்டம், அடுத்தது விதி, அதற்குப் பிறகுதான் விலை. குறிப்புகளையும் அதே வரிசையில் தந்திருக்கிறேன்.

1. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள்.
இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். சிங்கப்பூர் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட் தளத்தை முடக்கியது. ஆகவே கீழே உள்ளவை, உரிமம் பெற்ற தளங்கள் இயங்கும் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் வசிப்பவர்களுக்கு. வி.பி.என். போட்டு உள்ளே நுழையும் யோசனை வேண்டவே வேண்டாம். அடையாளச் சான்று கேட்கும்போது கணக்கு முடங்கலாம், ஜெயித்த பணமும் உள்ளே மாட்டிக்கொள்ளலாம். அப்போது முறையிட இடம் இருக்காது.

2. எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.
புக்மேக்கரிடம் கட்டினால் உங்களுக்கு எதிரே நிற்பது அந்த நிறுவனமே. விலையை அவர்கள் வைப்பார்கள். தொடர்ந்து ஜெயிப்பவர் கட்டும் தொகைக்கு வரம்பும் போடுவார்கள். 2000-இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் வேறு முறையைக் கொண்டுவந்தது. அங்கே உங்களுக்கு எதிரே இன்னொரு வாடிக்கையாளர் நிற்பார், தளம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்மார்க்கெட்ஸும் அதே வகை. கால்ஷியில் 'இன்னார் வெல்வார்' என்ற ஒப்பந்தத்தை வாங்கலாம், விற்கலாம். சரியானால் ஒப்பந்தம் ஒன்றுக்கு 1 டாலர், தவறினால் பூஜ்யம். பாலிமார்க்கெட்டும் இப்படித்தான். ஆனால் அது பாலிகன் என்ற பிளாக்செயினில் யு.எஸ்.டி.சி. என்ற டிஜிட்டல் டாலரை வைத்து வளர்ந்த தளம். இந்த வேறுபாடு புரிந்தால் மற்றக் குறிப்புகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

3. உரிமத்தை நீங்களே சரிபாருங்கள்.
பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவில் சி.எஃப்.டி.சி. என்னும் முன்பேர வணிக ஆணையம் தான் அங்கீகரித்த சந்தைகளின் பட்டியலை வெளியிடுகிறது. கால்ஷிக்கு 2020 நவம்பரில் அந்த அங்கீகாரம் கிடைத்தது. பாலிமார்க்கெட்டுக்கு 2022 ஜனவரியில் அதே ஆணையம் 14 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்கர்களுக்குக் கதவை மூடிய அந்நிறுவனம், 2025-இல் உரிமம் பெற்ற ஒரு சந்தையை 11.2 கோடி டாலருக்கு வாங்கி, திரும்பி வரும் வழியைத் தேடியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விளையாட்டு ஒப்பந்தங்கள் தங்கள் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து போன்ற மாநிலங்கள் கால்ஷியோடு நீதிமன்றத்தில் மோதியிருக்கின்றன. மத்திய உரிமம் இருந்தாலும் உங்கள் மாநிலத்தின் இன்றைய நிலையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குத் தொடங்க வேண்டும்.

4. ஆட்டக்காரர் காயத்தால் விலகினால் என்ன ஆகும்? இதை எழுத்தில் தேடிப் படியுங்கள்.
டென்னிஸில் மிக முக்கியமான விதி இதுதான். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் ஒருவருக்கு அடிபட்டாலும் ஆட்டம் தொடரும். டென்னிஸில் ஒற்றையர் ஆட்டக்காரர் விலகினால் ஆட்டமே முடிந்தது. இதற்குத் தளங்கள் வெவ்வேறு விதி வைத்திருக்கின்றன. சில இடங்களில் முதல் பந்து ஆடப்பட்டுவிட்டாலே அடுத்த சுற்றுக்குப் போகிறவர் வென்றவர். பெட்ஃபேரில் ஒரு செட்டாவது முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பந்தயம் ரத்து, பணம் திரும்ப வரும். சில புக்மேக்கர்கள் ஆட்டம் முழுவதும் முடிந்தால்தான் பணம் தருவார்கள்.

2020 அமெரிக்க ஓபனை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6 அன்று நான்காம் சுற்றில் நோவாக் ஜோகோவிச், பாப்லோ கரேன்யோ புஸ்டாவிடம் முதல் செட்டில் 5-6 என்று பின்தங்கியிருந்தபோது அடித்த பந்து கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. ஜோகோவிச் உடனே வெளியேற்றப்பட்டார். முதல் செட்கூட முடியவில்லை. முதல் பந்து விதி உள்ள இடத்தில் புஸ்டாமீது கட்டியவருக்கு முழு வெற்றி. ஒரு செட் விதி உள்ள இடத்தில் அவருக்குக் கட்டிய பணம் மட்டும் திரும்பி வரும். கணிப்பு ஒன்று, கட்டிய தொகை ஒன்று, தளம் மாறியதால் பலன் மாறியது.

2025 விம்பிள்டனிலும் அப்படியொன்று நடந்தது. ஜூலை 7 அன்று கிரிகோர் திமித்ரோவ் 6-3, 7-5 என்று இரண்டு செட்களை எடுத்து, யானிக் சின்னரை வீட்டுக்கு அனுப்பும் நிலையில் இருந்தார். மூன்றாம் செட் 2-2 என்றிருந்தபோது மார்புத் தசை காயத்தால் விலகினார். ஒரு செட் தாண்டிவிட்டதால் முதல் பந்து விதியிலும் ஒரு செட் விதியிலும் சின்னர்தான் வென்றவர். முழு ஆட்டம் முடிய வேண்டும் என்ற இடத்தில் மட்டும் திமித்ரோவ்மீது கட்டியவர்கள் தப்பினார்கள்.

5. ஆட்டம் தொடங்கவே இல்லையென்றால்?
எதிராளி வராமல் வாக்ஓவர் கொடுத்தால் பணம் திரும்ப வருமா, ஒப்பந்தம் 1 டாலரில் பாதிக்குத் தீர்க்கப்படுமா என்று பாருங்கள். 40 சென்ட்டுக்கு வாங்கியவருக்கு 50 சென்ட் கிடைப்பது லாபம். 70 சென்ட்டுக்கு வாங்கியவருக்கு ஒரு பந்துகூட ஆடாமல் 20 சென்ட் போய்விடும். கடைசி நேரத்தில் ஒருவர் விலகி, தகுதிச் சுற்றில் தோற்ற ஒருவர் அவர் இடத்துக்கு வந்தால் அது புதிய போட்டி. பழைய பந்தயம் அதற்குத் தானாக மாறாது.

6. மழைக்கும் இருட்டுக்கும் எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள்.
2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர், நிக்கோலா மாயூ ஆடிய முதல் சுற்று ஆட்டம் 11 மணி 5 நிமிடம் நீண்டது. கடைசி செட் 70-68. ஜூன் 22-இல் தொடங்கி 24-இல் முடிந்தது. போட்டித் தொடர் முடியும்வரை பந்தயம் உயிரோடு இருக்கும் என்பது சில தளங்களின் விதி. இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும் என்று கெடு வைக்கும் தளங்களும் உண்டு. மழைக்காலப் போட்டிகளுக்கு இந்த வரி மிகவும் தேவைப்படும்.

7. தீர்ப்புச் சொல்பவர் யார் என்று கேளுங்கள்.
பெட்ஃபேரிலும் கால்ஷியிலும் முடிவை அறிவித்துப் பணத்தைப் பங்கிடுவது அந்தந்த நிறுவனம்தான். விளையாட்டு அமைப்பின் அதிகாரபூர்வ முடிவை வைத்துச் செய்வார்கள். பாலிமார்க்கெட் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் முறை வேறு. ஒருவர் பிணைத்தொகை வைத்து 'முடிவு இதுதான்' என்று முன்மொழிவார். சுமார் 2 மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதுவே தீர்ப்பு. மறுப்பு தொடர்ந்தால் யூமா என்ற டோக்கனை வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். 6-4, 6-3 என்று சாதாரணமாக முடியும் ஆட்டத்தில் எந்த முறையும் ஒன்றுதான். விலகல், தகுதிநீக்கம், ஒத்திவைப்பு போன்ற சிக்கல் வரும்போதுதான் வேறுபாடு தெரியும். அப்போது யாரிடம் புகார் கொடுக்கலாம், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. 'யார் வெல்வார்' தவிர்த்த பந்தயங்களுக்குத் தனி விதி உண்டு.
மொத்தம் எத்தனை கேம், எத்தனை செட் என்று கட்டுவதற்கும் விலகல் விதி தனியாக இருக்கும். மேலே சொன்ன திமித்ரோவ் ஆட்டம் நின்றபோது 25 கேம்கள் முடிந்திருந்தன. '24.5 கேமுக்கு மேல்' என்று கட்டியவருக்கு எண்ணிக்கை ஏற்கெனவே தாண்டிவிட்டதால் பல இடங்களில் வெற்றி. '38.5-க்கு மேல்' என்று கட்டியவருக்கு ரத்து. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக். அது எவ்வளவு நீண்டாலும் ஒரே கேம் என்றுதான் கணக்கு. பழைய 70-68 நினைவில் மொத்த கேம் எண்ணிக்கையைக் கணிக்காதீர்கள்.

9. எல்லா விலைகளையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றுங்கள்.
கால்ஷியில் 62 சென்ட் என்றால் அந்த ஆட்டக்காரர் வெல்ல 62 சதவீத வாய்ப்பு என்று சந்தை மதிப்பிடுகிறது. பெட்ஃபேரில் அதே விலை 1.61 என்று தெரியும். 1-ஐ 1.61-ஆல் வகுத்தால் 0.62. அமெரிக்க புக்மேக்கர்களிடம் மைனஸ் 163 என்று இருக்கும். 163-ஐ 263-ஆல் வகுத்தால் அதுவும் 62 சதவீதம்தான். மூன்று எழுத்துமுறை, ஒரே விலை. கைபேசிக் கணிப்பானில் இந்த வகுத்தலைச் செய்யப் பழகாமல் இரண்டு தளங்களை ஒப்பிட முடியாது.

10. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள்.
புக்மேக்கர் ஒருவருக்கு 1.57, மற்றவருக்கு 2.40 என்று விலை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முன்னது 63.7 சதவீதம், பின்னது 41.7 சதவீதம். கூட்டினால் 105.4. ஒருவர்தான் வெல்ல முடியும் என்பதால் நியாயமான கூட்டுத்தொகை 100. மிஞ்சிய 5.4 புக்மேக்கரின் பங்கு. சந்தைத் தளங்களில் பெரிய போட்டிகளுக்கு இந்தக் கூட்டுத்தொகை 101, 102 என்று 100-க்கு அருகில் வரும். 100-ஐ விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு நீங்கள் அதிகம் தருகிறீர்கள்.

11. கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.
நகைக் கடையில் தங்கத்தின் கிராம் விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தாலும் செய்கூலி, சேதாரம் சேர்ந்த பிறகுதான் எந்தக் கடை மலிவு என்று தெரியும். இங்கும் அப்படியே.

ஓர் ஆட்டக்காரரின் விலை எல்லா இடத்திலும் 60 சென்ட், நீங்கள் கட்டுவது 60 டாலர், ஜெயித்தால் லாபம் 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கால்ஷியின் பொதுவான சூத்திரம் இது: 0.07 பெருக்கல் ஒப்பந்த எண்ணிக்கை பெருக்கல் விலை பெருக்கல் 1-இலிருந்து விலையைக் கழித்த மீதி. 100 ஒப்பந்தங்களுக்கு 1.68 டாலர். ஜெயித்தாலும் தோற்றாலும் இது போய்விடும். பெட்ஃபேரில் நெடுங்காலம் இருந்த 5 சதவீதக் கமிஷனில் 2 டாலர், ஸ்மார்க்கெட்ஸ் சொல்லும் 2 சதவீதத்தில் 80 சென்ட். ஆனால் இவை இரண்டும் ஜெயித்தால் மட்டும்.

ஆகவே நட்டமில்லாமல் இருக்க, கால்ஷியில் உங்கள் கணிப்பு 100-க்கு 61.7 முறை சரியாக இருக்க வேண்டும். 5 சதவீதக் கமிஷனில் 61.2, 2 சதவீதத்தில் 60.5. சிறிய வித்தியாசம்போலத் தெரியும். ஆண்டு முழுவதும் கட்டுபவருக்கு லாபமும் நட்டமும் இந்த ஒரு சதவீதத்தில்தான் இருக்கிறது. கட்டண அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். பணம் போடும் அன்று அதைத் திறந்து பாருங்கள்.

12. வாங்கும் விலை, விற்கும் விலை, எவ்வளவு சரக்கு: மூன்றையும் பாருங்கள்.
நீங்கள் வாங்க 62 சென்ட், விற்க 58 சென்ட் என்றால், வாங்கிய மறுநொடி மனம் மாறி விற்றால்கூட ஒப்பந்தத்துக்கு 4 சென்ட் நட்டம். 62 சென்ட்டில் எத்தனை ஒப்பந்தங்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு 300 வேண்டும். 62-இல் 100, 64-இல் 100, 67-இல் 100 என்று இருந்தால் உங்கள் சராசரி விலை 64.3. திரையில் பார்த்த 62 உங்களுக்குக் கிடைக்காது. கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்குச் சரக்கு நிறைய இருக்கும். கீழ்நிலையான சேலஞ்சர் போட்டியின் முதல் சுற்றுக்கு மிகவும் குறைவாக இருக்கும். 'கிடைத்த விலைக்கு வாங்கு' என்ற ஆர்டரைத் தவிர்த்து, 'இந்த விலைக்கு மேல் வேண்டாம்' என்று வரம்பு போட்ட ஆர்டரையே பயன்படுத்துங்கள்.

13. இரண்டு தளத்தில் இரண்டு பக்கமும் வாங்கி லாபம் எடுக்கும் யோசனையில் கவனம்.
ஒரு தளத்தில் முதலாமவர் 58 சென்ட், இன்னொன்றில் எதிராளி 38 சென்ட். இரண்டையும் வாங்கினால் செலவு 96, யார் ஜெயித்தாலும் 100 என்று தோன்றும். நான்காம் குறிப்பை மீண்டும் படியுங்கள். முதல் தளத்தில் முதல் பந்து விதி, இரண்டாவதில் ஒரு செட் விதி என்றால், முதலாமவர் முதல் செட்டிலேயே விலகும்போது அங்கே 58 சென்ட் போய்விடும், இங்கே 38 சென்ட் மட்டும் திரும்ப வரும். 2020-இல் ஜோகோவிச்சை ஒரு தளத்திலும் புஸ்டாவை இன்னொரு தளத்திலும் வாங்கி வைத்தவருக்கு இதுதான் நேர்ந்திருக்கும். விதிகள் ஒன்றாக இல்லாத இரண்டு தளங்களில் உள்ளவை ஒரே பந்தயத்தின் இரண்டு பக்கங்கள் ஆகா.

14. ஆட்டம் நடக்கும்போது கட்டுவதைத் தவிருங்கள்.
தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் புள்ளி ஏற்கெனவே முடிந்துபோன புள்ளி. கைபேசி ஒளிபரப்பு இன்னும் பின்தங்கும். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், நேரடித் தரவு வாங்கும் பெரிய நிறுவனத்துக்கும் முடிவு உங்களுக்கு முன்பே தெரியும். 2014 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் நடந்தபோது, மைதானத்திலிருந்து புள்ளிகளை உடனுக்குடன் வெளியே அனுப்பியதாக ஒரு பிரிட்டிஷ்காரரை மெல்போர்னில் காவல்துறை கைது செய்தது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் சில நொடிகளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று உலகுக்குத் தெரிந்தது. பெட்ஃபேர் ஆட்டத்தின் நடுவே வரும் பந்தயங்களைச் சில நொடி தாமதித்து ஏற்பதற்கும் இதுவே காரணம். நீங்கள் ஒப்பிடும் தளத்தில் இப்படித் தாமதம் உண்டா என்று பாருங்கள்.

15. நிறைவேறாத ஆர்டரை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.
'55 சென்ட் வந்தால் வாங்கு' என்று போட்டுவிட்டுப் போகிறீர்கள். ஆட்டக்காரருக்குக் கணுக்கால் சுளுக்குகிறது. விலை 60-இலிருந்து 20-க்கு விழும் வழியில் உங்கள் 55 ஆர்டர் முதலில் நிறைவேறிவிடும். பெட்ஃபேரில் ஆட்டம் தொடங்கும்போது பொருந்தாத பந்தயங்கள் பொதுவாக நீங்கிவிடும், 'வைத்திரு' என்று குறித்தால் மட்டும் நிற்கும். எல்லாத் தளங்களிலும் இந்த ஏற்பாடு இருக்காது. ஆர்டருக்குக் காலக்கெடு வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

16. டென்னிஸில் எந்த முன்னிலையும் முடிவாகாது.
நேரம் முடிந்து ஆட்டம் ஓயும் விளையாட்டு இல்லை இது. கடைசிப் புள்ளியை எடுத்தே தீர வேண்டும். 2025 ஜூன் 8 அன்று பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியில் சின்னர் இரண்டு செட்டுக்கு ஒன்று, நான்காம் செட்டில் 5-3, எதிரே ஆடிய அல்காரஸின் சர்வில் 0-40 என்று முன்னிலையில் இருந்தார். கோப்பைக்கு மூன்று வாய்ப்புகள். அல்காரஸ் மூன்றையும் தடுத்து, 5 மணி 29 நிமிடம் ஆடி, ஐந்தாம் செட் டைபிரேக்கை 10-2 என்று வென்றார். இப்படிப்பட்ட கட்டத்தில் 'இனி என்ன, உறுதிதானே' என்று 95 சென்ட் கொடுத்து வாங்குபவர், 5 சென்ட் லாபத்துக்காக 95 சென்ட்டைப் பணயம் வைக்கிறார். 20 முறையில் 19 முறை ஜெயித்தால் கட்டணத்துக்கு முன் வரவும் செலவும் சமம், அவ்வளவுதான்.

17. சிறிய போட்டிகளைத் தொடாதீர்கள்.
2007 ஆகஸ்ட் 2 அன்று போலந்தின் சோபோட் நகரில் நிக்கோலாய் டவிடெங்கோ, மார்ட்டின் வசாயோ அர்குவேயோ ஆட்டம். டவிடெங்கோ முதல் செட்டை எடுத்த பிறகும் பெட்ஃபேரில் பணம் எதிராளிமீதே குவிந்தது. மூன்றாம் செட்டில் டவிடெங்கோ காயத்தால் விலகினார். பெட்ஃபேர் அந்த ஆட்டத்தின் பந்தயங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. ஓராண்டுக்கு மேல் நடந்த விசாரணையில் இரு ஆட்டக்காரர்கள்மீதும் குற்றத்துக்குச் சான்று இல்லை என்று 2008-இல் முடிவானது. ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் டென்னிஸில் நேர்மைக் கண்காணிப்புக்குத் தனி அமைப்பு வந்தது. இன்று சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை அந்தப் பணியைச் செய்கிறது. பரிசுத்தொகை மிகக் குறைவான கீழ்நிலைப் போட்டிகளில் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும் ஆபத்து அதிகம். சரக்கும் குறைவு. இரண்டு காரணத்துக்காகவும் ஒதுங்குங்கள்.

18. பணம் உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி இரண்டையும் பாருங்கள்.
சிறு தொகை போட்டு, பந்தயம் கட்டாமலோ மிகச் சிறிதாகக் கட்டியோ, திரும்ப எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பவுண்டிலிருந்து டாலருக்கு, டாலரிலிருந்து டிஜிட்டல் நாணயத்துக்கு என்று ஒவ்வொரு மாற்றமும் செலவு. யு.எஸ்.டி.சி.யைத் தவறான பிளாக்செயினுக்கு அனுப்பினால் மீட்பது கடினம். பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனங்கள், தாங்கள் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு என்று சொல்லியாக வேண்டும். 'பாதுகாப்பு இல்லை', 'நடுத்தரம்', 'உயர்வு' என்று மூன்று நிலைகள். விதிமுறைப் பக்கத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

19. வரியை மறக்காதீர்கள்.
பிரிட்டனில் சாதாரண வாடிக்கையாளர் பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி இல்லை. அமெரிக்காவில் உண்டு. தளம் படிவம் அனுப்பாவிட்டாலும் வருமானத்தை நீங்களே காட்ட வேண்டும். 2026 முதல் சூதாட்ட இழப்பில் 90 சதவீதத்தைத்தான் கழித்துக்கொள்ள முடியும். 10,000 டாலர் ஜெயித்து 10,000 டாலர் தோற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாமலே 1,000 டாலருக்கு வரி கட்ட நேரலாம். கணிப்புச் சந்தை ஒப்பந்தங்களை எந்த வகையில் காட்டுவது என்று கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரவு செலவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

20. வீட்டுப் பணத்துக்கும் பந்தயப் பணத்துக்கும் நடுவில் சுவர் எழுப்புங்கள்.
வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், அவசரச் சேமிப்பு எல்லாம் எடுத்து வைத்த பிறகு, முழுவதும் போனாலும் கவலையில்லை என்ற தொகையை மட்டும் தனிக் கணக்கில் போடுங்கள். தளத்திலேயே மாத வரம்பு வைக்கும் வசதி இருந்தால் முதல் நாளே வையுங்கள். கடன் வாங்கிக் கட்டாதீர்கள். பிரிட்டன் 2020 ஏப்ரலில் கடன் அட்டை மூலம் சூதாடுவதைத் தடை செய்தது. அந்த விதியை எந்த நாட்டில் இருந்தாலும் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்டதைப் பிடிக்க அதே இரவில் மீண்டும் கட்டத் தோன்றினால், கட்டிய தொகையைக் கணவரிடமோ மனைவியிடமோ மறைக்கத் தோன்றினால், அன்றே நிறுத்துங்கள். பிரிட்டனில் கேம்ஸ்டாப் திட்டத்தில் பதிவு செய்தால் அங்கு உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் உங்களை உள்ளே விடா. அமெரிக்காவில் புக்மேக்கர்கள் பல மாநிலங்களில் 21 வயது கேட்கும்போது, கால்ஷியில் 18 போதும். கல்லூரி போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைப் பற்றிப் பெற்றோர் வாய்விட்டுப் பேச வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இருப்பவருக்கு ஆணையத்தின் உரிமமும் குறைந்த கமிஷனும் உள்ள பந்தயச் சந்தை புக்மேக்கரைவிட மேல். அமெரிக்காவில் இருப்பவருக்கு, மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், முன்பேர வணிக ஆணையத்தின் கீழ் வரும் சந்தை பொருந்தும். டிஜிட்டல் நாணயத்தில் பழக்கமில்லாதவர்கள் பிளாக்செயின் தளங்களுக்குப் போக வேண்டாம். எந்தத் தளமாக இருந்தாலும், ஆட்டக்காரர் விலகினால் என்ன ஆகும் என்ற விதி எழுத்தில் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு சென்ட்கூடக் கட்டாதீர்கள். கட்டணமும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்து, தொடர்ந்து கட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு நட்டத்தையே தருகின்றன. அதை ஏற்க மனமில்லாதவர்கள் பணம் கட்டாமல் ஆட்டத்தை ரசியுங்கள். சின்னரும் அல்காரஸும் ஆடும் ஐந்து மணி நேர டென்னிஸை ரசிக்கப் பந்தயம் தேவையில்லை.